மடை திறந்த தமிழ்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

எழுத அமர்ந்தவுடன் சொற்கள் தாமே வந்து வரிசைப்பட்டு நிற்கும் நிலையை விரும்பாத எழுத்தாளர் இலர். அந்நிலை வாய்த்தவரைக் கண்டால் மடை திறந்தாற்போலப் பாடுகிறார் என்று நாம் போற்றுகிறோம். ஆயின், மடையைத் திறப்பதற்கு முன் நீர் எங்கே, எவ்வளவு காலம் தேங்கி நின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை அறிவதற்குத் தக்கதொரு வாழ்வு திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடைய வாழ்வாகும்.

பாடல் பெற்ற திருத்தெளிச்சேரியாகிய காரைக்கால் கோவில்பத்திலிருந்து நோக்கும் நமக்குப் பிள்ளையவர்கள் அயலார் அல்லர். அவர் நெடுங்காலம் வாழ்ந்த மாயூரமும், புராணம் பாடிய நாகப்பட்டினமும் அம்பரும் நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களே.

அவர் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூரில், தமிழாசிரியராகிய சிதம்பரம் பிள்ளையின் மைந்தராகப் பிறந்தார். நூல்கள் மிகுதியாக அச்சேறாத காலம் அது. ஒரு நூல் வேண்டுமெனில் ஏட்டைத் தேடிப் பெற்றுத் தம் கையாலேயே படியெடுத்தல் வேண்டும். பிள்ளையவர்கள் கம்பராமாயணம் போன்ற பெருநூலையும் ஒருமுறைக்கு மேல் எழுதினார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் பிச்சையேற்று வாழ்வதை அறிந்து, அவரைப் பின்தொடர்ந்து பணிவிடை செய்து பாடங்கேட்டார். ஆசிரியரின் கோலத்தை நோக்காது கல்வியையே நோக்கிய அவ்வுள்ளம் மாணவர் அனைவரும் போற்றத்தக்கது.

பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவானாக விளங்கிய அவர், இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம், கோவை முதலிய பல பிரபந்தங்களையும் இயற்றினார். அவர் செய்யுளைச் சொல்லச் சொல்ல, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுத்தாணியின் வேகம் அவர் வாக்கின் வேகத்தைத் தொடர்வது அரிது. வண்டியில் வழிச்செல்லும் பொழுதும் பாடல் தடையின்றி வரும் என்பர்.

இது மாயமன்று. வடமொழித் தலபுராணத்தை முதலில் தமிழ் வசனமாக மொழிபெயர்க்கச் செய்து வைத்துக்கொள்வார். எப்படலத்தில் எக்கதை வரவேண்டும், எங்கே வருணனை அமைய வேண்டும் என்பன அவர் உள்ளத்தில் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். யாப்பும் அணியும் இளமையிலேயே கைவந்தவை. ஆதலின், பாடும் வேளையில் அவர் நாடியது பொருள் ஒன்றையே. சொல் தானே வந்து பொருந்தியது. எழுதியதை மீளப் படிக்கச் செய்து கேட்டுத் திருத்தும் பொறுமையும் அவரிடம் இருந்தது. வேகமும் திருத்தமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று. வேகம் வேண்டிய பொழுது திருத்தத்தை ஒத்திவைத்தலும், திருத்தம் வேண்டிய பொழுது வேகத்தை அடக்குதலும் புலமையின் இரு கைகளாம்.

இத்துணைப் புலமையும் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. கடன் அவரை இறுதிவரை விடவில்லை. எனினும் மாணவரிடம் பொருள் பெறாது, உணவும் இடமும் அளித்துப் பாடஞ்சொன்னார். சாதி, சமயம் என்னும் வேலிகள் அவர் பாடசாலைக்கு இல்லை. மாயூரத்தில் முனிசீபாக விளங்கிய கிறித்தவர் வேதநாயகம் பிள்ளை மீது குளத்தூர்க் கோவை பாடினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) அவரிடம் பயின்றவர். பல நூல்களை இயற்றியதோடு, பினாங்கில் வித்தியா விசாரிணி என்னும் இதழின் ஆசிரியராகவும் விளங்கிய நாவலர், மதுரைத் தமிழ்ச் சங்கப் புலவருள் ஒருவராகவும் போற்றப்பெற்றார். திருவாவடுதுறையில் ஊறிய தமிழ் நாகூர் வழியாகக் கடல் கடந்தது என்று நாம் பெருமையுடன் கூறலாம்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். 1871இல் பதினாறு வயதினராய் வந்து சேர்ந்து, அவர் சொன்ன செய்யுட்களை ஏட்டில் எழுதிய உ. வே. சாமிநாதையர் அதன்பின் பதிப்புப் பணியில் ஈடுபட்டார். ஆசிரியரின் வாக்கைச் செவியால் வாங்கிப் பழகியவர், பழம்புலவரின் வாக்கைச் சிதைந்த ஏடுகளிலிருந்து மீட்டார். பிரதிகளை ஒப்புநோக்கி, விளங்காத சமயப் பொருள்களைக் கும்பகோணத்துச் சைனரிடம் கேட்டுத் தெளிந்து, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். தம் ஆசிரியரின் வரலாற்றையும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அளித்தார். அந்நூல் இல்லையேல் பிள்ளையவர்களைப் பற்றி நாம் அறிவது மிகச் சிலவாகவே இருக்கும்.

இன்று அவருடைய புராணங்களைப் பயில்வார் அருகிவிட்டனர். அவர் உருவாக்கிய மாணவரின் பணியோ தமிழுள்ளவரை நிற்கும். எழுத விரும்பும் இளைஞர்கள் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எழுத்து வரவில்லையே என்று ஏங்கும் நாளில் வானத்தை நோக்குதல் வேண்டா. ஒரு நல்ல நூலை எடுத்துப் படிப்போம், படியெடுப்போம், பிறர்க்குப் பாடஞ்சொல்வோம். ஏரி நிரம்பினால் மடை திறக்கும் நாள் தானே வரும்.