கொல்லன் மகன் கொடுத்த வெளிச்சம்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை)



போன வருஷம் நம்ம சங்க விழா அன்னிக்கு நல்ல மழை. பாதியில் கரண்ட் போய்விட்டது. வாடகைக்கு எடுத்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் நனையக் கூடாது என்று மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் வைத்து ஓட்டினோம். அந்த யோசனை என்னுடையது. மின்னியல் படிக்கிறவன் சொல்கிறான் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சத்தம் வெளியே வராமல் இருக்கக் கதவையும் நானே சாத்தினேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. கூட நின்ற முதலாமாண்டுத் தம்பி வாந்தி எடுத்து, சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்துவிட்டான். வாட்ச்மேன் தாத்தா கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டார். காற்று பட்டதும் அவனுக்கு நினைவு வந்தது. பசி மயக்கம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அது பசி மயக்கம் இல்லை. அதை இந்த மலரில் ஒப்புக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். ஜெனரேட்டர் பற்றிப் படிக்க நூலகத்துக்குப் போனபோது மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை கையில் கிடைத்தது. அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

பாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், கொல்லுப் பட்டறைத் தொழிலாளி. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போய்விடும். பிள்ளைகள் நாலு பேர். பஞ்ச காலத்தில் ஒரே ஒரு ரொட்டியைச் சிறுவன் மைக்கேலிடம் கொடுத்து, ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். பள்ளிக்கூடத்தில் கற்றது எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான்.

13 வயதில், அதாவது 1804-ல், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிற வேலை. அடுத்த வருஷம் அங்கேயே 7 வருஷம் பைண்டிங் தொழில் பழக ஒப்பந்தம். மற்றவர்கள் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். இவர் அட்டை போடுவதோடு உள்ளே இருப்பதையும் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகமும் அவரைப் பிடித்துக்கொண்டன. கையில் இருந்த காசுக்குச் சாமான் வாங்கிச் சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்த்தார்.

1812-ல் கடைக்கு வந்த ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார. நாலு சொற்பொழிவுகளையும் கேட்டுக் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பிவைத்தார். அதுதான் அவருடைய சர்டிபிகேட்! 1813 மார்ச் 1 அன்று டேவியின் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இடம். சேர்ந்த சில வாரங்களிலேயே சோதனையில் குழாய் வெடித்துக் கையில் காயம். ஆராய்ச்சிக்கூடத்தில் எச்சரிக்கை என்றால் என்ன என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்டார்.

பிறகு டேவியோடு ஐரோப்பா சுற்றினார். டேவியின் மனைவி இவரை வேலைக்காரன் மாதிரி நடத்தினார். மனம் நொந்தாலும் படிப்பை விடவில்லை. திரும்பி வந்ததும் 1815-ல், சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை டேவி உருவாக்கியபோது உடனிருந்து உதவினார். 1825-ல் பென்சீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். நாம் ஊற்றும் பெட்ரோலில் அதுவும் கொஞ்சம் இருக்கிறது.

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். 1831 ஆகஸ்ட் 29. இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒரு பக்கம் பாட்டரியை இணைத்தார். மறுபக்கத்தில் இருந்த முள் துள்ளியது. ஆனால் இணைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும்தான் துள்ளியது. காந்தப் புலம் மாறினால்தான் மின்சாரம் பிறக்கிறது என்று புரிந்தது. அக்டோபர் 28 அன்று பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவில் செப்புத் தகடு ஒன்றைச் சுற்றவிட்டார். இடைவிடாமல் மின்சாரம் வந்தது. உலகத்தின் முதல் ஜெனரேட்டர் அதுதான். இன்று நாம் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மெஷினில் எஞ்சின் செய்வதும் அந்தச் சுற்றுகிற வேலைதான். இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நமக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது.

கணக்கில் அவர் கெட்டி இல்லை. அவர் கண்டதற்குச் சமன்பாடு எழுதியவர் பின்னால் வந்த மாக்ஸ்வெல். கணக்குத் தாளைப் பார்த்துப் பயப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஆறுதல்!

ஆனால் என்னைத் தொட்டது இதற்கு அப்புறம் வருகிற கதை. 1836-ல் இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அவரை ஆலோசகராக ஏற்றது. அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்குகள். எரிந்து வரும் ஆவி கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைத்தது. காவலர்கள் சுவாசிக்கும் காற்றும் கெட்டது. பாரடே விளக்குக்கு மேலே ஒரு குழாய் அமைத்து, புகையும் ஆவியும் நேராக வெளியே போகும்படி செய்தார். 1843-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய அண்ணன் ராபர்ட். வெளிச்சம் வந்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. புகை எங்கே போகிறது என்றும் பார்த்தார்.

1844-ல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். விசாரணைக்குப் பாரடேயும் புவியியல் அறிஞர் சார்லஸ் லயலும் போனார்கள். சுரங்கத்தில் காற்றோட்டத்தை அளக்க, வெடிமருந்தை ஒரு சிட்டிகை எடுத்து மெழுகுவர்த்தித் தீயில் தூவி, அந்தப் புகை போகும் வேகத்தைப் பார்ப்பார்களாம். மருந்தை அவர்கள் அலட்சியமாகக் கையாள்வதைக் கவனித்த பாரடே, மீதியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் உட்கார்ந்திருந்த மூட்டையே அதுதான் என்று தெரிந்தது! எரியும் மெழுகுவர்த்தி பக்கத்தில்!

சிறுவர்களுக்கு அவர் நடத்திய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ரசாயனம் முழுவதையும் விளக்கினார். எரிவதற்குக் காற்று வேண்டும், எரிந்தது காணாமல் போவதில்லை, வேறாக மாறி நம்மைச் சுற்றியே நிற்கிறது என்பதுதான் பாடம். பெட்ரோல் எஞ்சினிலும் அதே கதைதான். முழுதாக எரியாத பெட்ரோல் கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, மயக்கம், அப்புறம் மரணம். அந்த அறையில் நடந்தது இதுதான். தம்பியை அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

1858-ல் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில் ஜெனரேட்டர் மூலம் மின்விளக்கு எரிந்தது. 1860-ல் 68 வயதில், பாதையெல்லாம் பனி மூடியிருந்தும், வேலி தாண்டி வயல் வழியாக நடந்தே போய் அதைச் சோதித்தார் பாரடே. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தும் மறுத்தவர். 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

நண்பர்களே, நாம் என்ன செய்யலாம்? ஜெனரேட்டரைக் கட்டிடத்துக்கு வெளியே, ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்ஸர் ஆட்கள் இல்லாத பக்கம் பார்க்க வைப்போம். மழை என்றால் நாலு பக்கமும் திறந்த பந்தல் போடுவோம். ஓடும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம். நிறுத்தி, சூடு ஆறின பிறகு ஊற்றலாம். பெட்ரோல் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவதும் வெடிமருந்து மூட்டை மேல் உட்காருவதும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் ஆயில் அளவு பார்த்து, லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, பிறகு ஒவ்வொன்றாகப் போடுவோம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கட்டிட வயரிங்கில் இணைத்தால், வெளியே லைனில் வேலை செய்யும் தொழிலாளி உயிர் போகும். ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக்கைக் காலத்தில் சுத்தம் செய்வோம். ரொம்ப நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் பெட்ரோலை வடித்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார். தெருவில் பியூஸ் போனால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அன்னிக்கு அந்தத் தம்பியும் என் பக்கத்தில் நின்றான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். கொல்லன் மகன் பாரடே, உட்கார்ந்த இடத்திலும் கேள்வி கேட்ட மனிதர். நானும் இனிமேல் கேட்டுவிட்டுத்தான் கயிற்றை இழுப்பேன்.

தம்பி, என்னை மன்னித்துவிடு. வாட்ச்மேன் தாத்தாவுக்கு என் நன்றி.