மூச்சு வாங்கிய வாத்தியாரும் ஒரு குட்டி அச்சு இயந்திரமும்

கட்டுரை எழுதுறதெல்லாம் மொழிப் பாடத்துக்கு மட்டும்தான்னு நினைக்கிறோம், இல்லையா? கிட்டத்தட்ட 100 வருடங்களுக்கு முன்பே ஒரு பிரெஞ்சு கிராமத்து வாத்தியார் எல்லாப் பாடத்தையும் எழுத்து வழியாகவே சொல்லிக்கொடுத்தார். பெயர், செலஸ்தான் ஃப்ரெனே.

1896-ல் பிரான்ஸின் தென்கிழக்கில் உள்ள கார்ஸ் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் நுரையீரலில் பலத்த காயம். 1920-ல் பார்-சுர்-லூ கிராமப் பள்ளியில் சேர்ந்தபோது, கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினாலே மூச்சு வாங்கும். பாடப் புத்தகத்தைப் பார்த்தால் பசங்களுக்கோ கொட்டாவி!

ஃப்ரெனே அவர்களை வெளியே கூட்டிப்போனார். வயல், ஆறு, தச்சர் பட்டறை, தறி. திரும்பி வந்ததும் பார்த்ததைப் பசங்களே சொல்ல, அது கரும்பலகைக்கு வரும். எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள். அதோடு அழித்துவிட மனசு வருமா? சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார். பசங்களே ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து அச்சடித்தார்கள். ஒரு எழுத்து தப்பினாலும் தாளில் பல்லிளிக்குமே! எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி யாரும் விரட்டவேண்டியிருக்கவில்லை.

அச்சான தாள்கள், நாட்டின் மறுகோடியில் பிரெத்தான் கடலோரத்தில் இருந்த த்ரெகன்க் பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்தும் வந்தன. கடலோரப் பசங்களுக்குத் தங்கள் மலையைப் புரியவைக்கணும்னா பூகோளம் தெரியணும். செடியைப் பற்றி எழுதணும்னா உற்றுப் பார்க்கணும். நிலத்தைப் பற்றி எழுதணும்னா அளக்கணும். படிக்க நிஜமாகவே ஒருத்தர் காத்திருக்கிறார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். மார்க்குக்காக எழுதுவதில் அது கிடைக்காது.

பசங்க மனசில் பட்டதை எழுதினால் சிக்கல் வராமல் இருக்குமா? 1928-ல் அவர் சென்-போல் கிராமத்துக்கு மாறியிருந்தார். 1932-ல், மேயரைக் கொல்வதாகத் தான் கண்ட கனவை ஒரு பையன் எழுத, அதுவும் அச்சானது. அவரைப் பிடிக்காதவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊரே இரண்டானது, பள்ளி முன்னால் ரகளை, இடமாற்ற உத்தரவு. ஃப்ரெனே அரசு வேலையையே விட்டுவிட்டார்.

1935-ல் மனைவி எலீஸுடன் வான்ஸில் சொந்தப் பள்ளி. 1940-ல் அரசு அவரைக் கைதுசெய்து முகாமில் அடைத்தது. போர் முடிந்ததும் மறுபடி அதே பள்ளி. 1966-ல் வான்ஸில் இறந்தார். அடக்கம் செய்தது, பிறந்த கார்ஸ் கிராமத்தில்.