கைடும் கணித மேதையும்

பரீட்சைக்கு முந்தின ராத்திரி கைடைப் புரட்டும் நமக்கு ஒரு சேதி. கணித மேதை ராமானுஜனுக்குக் கிடைத்ததும் ஒரு கைடுதான்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடைக் கணக்கர். 1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5000 சூத்திரம், நிரூபணம் ரொம்பக் குறைவு. நாமா இருந்தா மனப்பாடம் பண்ணியிருப்போம். அவரோ ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். பேப்பருக்குக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு. கல்லூரியில் மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. ஃபெயில், 1907-ல் மறுபடியும் ஃபெயில். எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். ஒரு அரியருக்கே அப்பா முகத்தைப் பார்க்க முடியல. அவர் எப்படித்தான் மறுநாளும் சிலேட்டை எடுத்தாரோ!

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். ஆமாம், அந்தக் கைடு யாருடைய தேர்வுக்காக எழுதப்பட்டதோ அதே கேம்பிரிட்ஜ்தான். 1916-ல் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தது.