கவிதைகளை எரித்த கவிஞர்

இயற்கைக் கவிஞர் என்றதும் நம்மில் பலருக்கும் வேர்ட்ஸ்வொர்த்தின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் வானையும் மரத்தையும் பறவையையும் பாடிய கத்தோலிக்கக் குரு ஒருவரும் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ்.

இவர் 1844-ம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ம் நாள், எசெக்ஸ் மாவட்டத்து ஸ்ட்ராட்போர்டு என்னும் ஊரில், ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலிக்கன் சபையினர். ஆக்ஸ்போர்டில் பயிலும்போது ஹாப்கின்ஸின் மனம் கத்தோலிக்கத் திருச்சபையை நாடியது. 1866-ல் நியூமன் அடிகளார் (2019-ல் புனிதராக உயர்த்தப்பட்டவர்) இவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் அடைந்த துயரம் கொஞ்சமன்று.

1868-ல் இயேசு சபையில் சேர முடிவு செய்தபோது, கவிதை தம் துறவுக்கு இடையூறாகும் என்று அஞ்சித் தம் பாடல்களைத் தீயிலிட்டார். நல்ல வேளை, சிலவற்றின் படிகள் தப்பின! பின்னர் ஏறத்தாழ ஏழாண்டுகள், சிற்சில செய்யுள்கள் தவிர, எதுவும் எழுதவில்லை. ஆயினும் கண்கள் சும்மா இருக்குமா? மேகத்தின் வடிவையும் உறைபனியின் கோலங்களையும் நாட்குறிப்பில் எழுதி வந்தார்.

1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்ற கப்பல் தேம்ஸ் நதியின் முகத்துவாரம் அருகே மணல்திட்டில் மோதியது. ஜெர்மனியின் சமயச் சட்டங்களால் நாடு கடத்தப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் அதில் மாண்டனர். இதைப் பற்றி யாரேனும் பாடினால் நன்று என்று வேல்ஸ் நாட்டுப் புனித பியூனோ கல்லூரி அதிபர் கூறவே, அவரது மௌனம் கலைந்தது. அந்த நெடும்பாட்டின் புதிய சந்தம் புரியாமல் இயேசு சபையாரின் இதழே அதை வெளியிட மறுத்துவிட்டது. எனக்கு இது பெரும் வருத்தமே.

1877 அவருடைய பொன்னான ஆண்டு. காற்றில் நிலைத்து நிற்கும் சிறு வல்லூறு, புள்ளியும் திட்டுமான உயிர்கள் எனக் கண்டவற்றையெல்லாம் கடவுளின் கைவேலையாகப் பாடினார். அவ்வாண்டே குருப்பட்டமும் பெற்றார். 1879-ல் ஆக்ஸ்போர்டை அடுத்த பின்சியில், ஆற்றங்கரைப் பாப்லர் மரங்கள் வெட்டப்பட்டதைக் கண்டு நெஞ்சுருகி ஒரு பாட்டு எழுதினார். சுற்றுச்சூழல் பற்றி நாம் இன்று பேசுவதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். 1883-ல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபின் இங்கிலாந்தின் அந்தி வானம் விந்தையாகச் சிவந்தது. அதன் நிறங்களை நுணுக்கமாக விவரித்து 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கும் எழுதினார்.

லிவர்பூல், கிளாஸ்கோ நகர்களின் ஏழை மக்களிடையே உழைத்த பின், 1884-ல் டப்ளினில் கிரேக்க மொழிப் பேராசிரியரானார். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் வேலை அவரை வாட்டியது. (நம் ஆசிரியைகளுக்கு இது நன்றாகப் புரியும்!) தனிமையும் மனச்சோர்வும் சூழ்ந்த அந்நாட்களில், இருள் நிறைந்த பாடல்களையும் எழுதினார். 1889 ஜூன் 8-ம் நாள், டைபாய்டு காய்ச்சலால், 44-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அதுவரை அவரது முக்கியமான கவிதைகள் அச்சேறவில்லை. அவற்றைப் பாதுகாத்தவர் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ். அவர் 1918-ல் நூலாக வெளியிட்ட 750 படிகளும் விற்றுத் தீரப் பத்தாண்டுகள் ஆயின. அந்நூல், மகனின் மதமாற்றத்தால் ஒருகாலத்தில் மனம் வருந்திய தாயாருக்கே காணிக்கையாக்கப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அந்த அன்னை அப்போதும் உயிரோடிருந்தார்.