தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி போன்ற ஊர்களில் கிணற்றோரப் பனைகளிலும் வேலமரங்களிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் சில முழுமை பெற்றவை. சில, கவிழ்த்த தலைக்கவசம்போல் பாதியில் நின்றவை. ஆண்குருவி தான் அமர்ந்து இளைப்பாறவே பாதிக்கூட்டைக் கட்டிக்கொள்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை மாற்றியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

1896ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த அவர், மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத்துப்பாக்கியால் வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்று, அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச்சென்றது. பின்னாளில் மும்பை அருங்காட்சியகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். பெர்லின் சென்று எர்வின் ஸ்டிரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதியின்மையால் அவருடைய பணியிடமே இல்லாமற்போயிருந்தது. அப்போது அவருக்கு வயது 33. கையில் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். குடும்பத்திற்கு இடராக வந்த அவ்வேலையின்மை, பறவையியலுக்கு நற்பேறாயிற்று.

மழைக்காலம் தொடங்கியதும் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடுகட்டத் தொடங்கின. மாதக்கணக்கில் அவற்றை உற்றுநோக்கிய சாலிம் அலி ஓர் ஒழுங்கைக் கண்டறிந்தார். நாரிழைகளால் பின்னி, பாதிவரை கட்டுவது ஆண்குருவி மட்டுமே. பின்னர்ப் பெண்குருவிகள் வந்து கூட்டினுள் நுழைந்து சோதிக்கும். ஒரு பெண் ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் நுழைவுக்குழலை நீட்டிக் கூட்டை முடிக்கும். அப்பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டைப் பின்னப் புறப்பட்டு மற்றொரு துணையைத் தேடும். எப்பெண்ணும் ஏற்காத கூடே பாதியில் தொங்கிக் கிடப்பது! இம்முடிவுகள் 1931இல் கழகத்தின் இதழில் வெளியாயின.

பெண்ணின் தேர்வில் தோற்ற ஆணுக்கு அப்பருவத்தில் வழித்தோன்றல் இல்லை. ஆகவே திறம்படப் பின்னும் இயல்பே தலைமுறைதோறும் நிலைபெறுகிறது. வாழிடத்திற்கும் இதில் பங்குண்டு. 1964இல் ஜான் குரூக் என்னும் அறிஞர் நெசவுக்குருவி இனங்கள் பலவற்றை ஒப்பிட்டார். காட்டில் சிதறிக் கிடக்கும் பூச்சிகளைத் தேடியுண்ணும் இனங்களில் ஆணும் பெண்ணும் இணைபிரியாது குஞ்சுகளை வளர்க்கின்றன. தானியம் மிகுந்த வெளிகளில் வாழும் இனங்களிலோ பெண் தனித்தே குஞ்சுகளை ஊட்ட இயலும். ஆணுக்கு அடுத்த கூட்டைக் கட்ட நேரம் வாய்க்கிறது. பாதுகாப்பான மரங்கள் சிலவே ஆதலால், கூடுகளும் அவற்றில் கூட்டமாய் அமைகின்றன.

சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941இல் வெளிவந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்குகிறது.