கால்நடையாய் வந்த யோசப் வாஸ் அடிகளார்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் மணியோசை இன்று தடையின்றி ஒலிக்கின்றது. ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய பின்னரோ கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறைவாகச் செபித்து வந்த அம்மக்களைத் தேடி வந்தவரே யோசப் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்து, 1676இல் குருவான அவரது உள்ளம் இலங்கையையே நாடியது. ஆயினும் 1681இல் மேலிடம் அவரைக் கன்னடக் கரையின் பணித்தளத்துக்கே அனுப்பியது. மூன்றாண்டுகளின் பின் கோவா திரும்பி, அங்கு உருவாகிய ஒரற்றோரியன் சபையில் இணைந்த அவர், 1686இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில், யோன் என்னும் பணியாளர் துணையுடன் தூத்துக்குடியில் தோணி ஏறினார். கடற்கொந்தளிப்பில் அலைக்கழிந்த தோணி மன்னாரை அடைந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றபோது வயிற்றுளைவு நோய் அவரை வீழ்த்திவிட்டது.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாக இரந்து திரிந்தார். மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ, அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொள்ளும் உபாயம் அது. பின்னர் சில்லாலை அவரது இருப்பிடமாயிற்று. பகலில் ஒளிந்திருந்து இரவில் பூசை நடத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் நடத்திய சோதனையும் கைதுகளும் அவ்வாழ்வைக் குலைத்தன. அடிகளார் அகப்படவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து தங்குவது தமக்கு அடைக்கலம் கொடுத்தோருக்கே ஆபத்தாயிற்று. கோவாவுக்குத் திரும்ப அது போதிய காரணமே. அவரோ 1690இல் கண்டி மன்னரின் ஆளுகைக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார்.

1692இல் அங்கிருந்து கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என ஒரு பிரெஞ்சுக்காரர் கோள்மூட்டியதால், விலங்குடன் சிறைப்பட்டார். நாட்டின் நடுவே அடைபட்டுக் கிடந்த அக்காலத்திலேயே சிங்களம் கற்றார்; தமிழை முன்னரே அறிந்திருந்தார். கடும் வரட்சியொன்றின்போது அவர் செபித்து மழை பெய்ததென்றும், அதனால் மன்னன் அவருக்கு நடமாடும் உரிமை அளித்தானென்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது. மழையைப் பற்றி எவர் எவ்வாறு கருதினாலும், இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த மன்னன் அவருக்குப் பாதுகாவலனாயிருந்தமை வரலாறு.

அதன் பின்னரே அவர் நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் மாறுவேடத்தில் நடந்து வரக் கூடியதாயிற்று. இலங்கைக்கு வந்து இத்தனை ஆண்டுகளின் பின்பும், ஒல்லாந்தரின் தலைநகரில் அவர் இரவுப்பொழுதையே நம்ப வேண்டியிருந்தது. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, உறவினரே கைவிட்டு ஓடிய நோயாளிகளுக்கு உணவூட்டினார். இறந்தோரைச் சமயம் பாராது அடக்கம் செய்தார். இவரை ஐயத்துடன் நோக்கியோரையும் மாற்றியது இப்பணியே என்பது எம் கருத்து.

1705இல் யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் வந்து சேர்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணியை வளர்த்தார். கோவாவுக்குத் திரும்பாமலே யோசப் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 1995இல் இரண்டாம் அருள் சின்னப்பரும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸும் காலிமுகத்திடலில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் அவரை முறையே அருளாளராகவும் புனிதராகவும் அறிவித்தனர். அவர் இரவில் மறைந்து நுழைந்த அதே கொழும்பு.