லூயி பாஸ்டர்

1831-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் ஆர்புவா என்னும் சிற்றூருக்குள் வெறிகொண்ட ஓநாயொன்று புகுந்து, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடித்தது. கடியுண்டோரைக் கொல்லன் உலைக்களத்திற்குக் கொணர்ந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் புண்ணைச் சுட்டனர். அக்காலத்தில் வேறு மருந்தில்லை. அக்கொடுமையைக் கண்டு நடுங்கிய சிறுவருள், தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாகிய லூயி பாஸ்டரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது எட்டு.

பாஸ்டர் மருத்துவரல்லர், இரசாயன நூல் வல்லவர். உயிர்களின் நோயை ஆராயும்படி அவரை இழுத்துச் சென்றது பட்டுப்புழு. ஆரணிப் பட்டின் பெயரால் வாழும் கலசப்பாக்கத்தார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும். 1865-இல் பிரான்சின் தென்பகுதியிற் புழுக்கள் கொள்ளை நோயால் மடிந்தன. அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டறியாத பாஸ்டர் அங்குச் சென்று ஐந்தாண்டு உழைத்தார். அக்காலத்திலேயே மகளிர் இருவரை இழந்தார்; 1868-இல் பக்கவாதத்தால் இடப்புறம் செயலற்றது. ஆயினும் வேலையை விட்டாரல்லர். தாய்ப்பூச்சி முட்டையிட்டபின் அதனை அரைத்து நுண்ணோக்கியிற் பார்த்து, நோயணுக் காணின் அம்முட்டைகளை அழித்துவிட வேண்டுமென்றார். நம் நாட்டு முட்டை வித்தகங்களில் இன்றும் நிகழ்வது அதுவே.

பின்னர் அடைப்பான் நோயை ஆராய்ந்தார். புதைத்த ஆட்டின் நோய்வித்து மண்ணிற் கிடந்து, மேயும் ஆட்டினுட் புகும். இறந்த கால்நடையை உரிப்போரையும் பற்றும். 1881-இல் பூயி-லெ-ஃபோர் என்னும் பண்ணையில், 24 செம்மறிகளுக்குத் தடுப்பூசியிட்டு, 24 செம்மறிகளை வாளாவிட்டு, எல்லாவற்றிற்கும் நோயை ஏற்றினார். ஜூன் 2-ஆம் நாளில் ஊசி பெற்றவை நின்றன, பெறாதவை மாண்டன.

ஆனால் ஆடு வேறு, மகவு வேறு. 1885 ஜூலை 6-ஆம் நாள், ஜோசப் மீஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் பாரிசுக்கு அழைத்து வந்தாள். இரு நாட்களுக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. வெறிநோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி நஞ்சின் வலியைக் குறைக்கும் முறையைப் பாஸ்டர் கண்டிருந்தார். அதனை மனிதருக்கு இடலாமோ? உடனுழைத்த ரூ என்பவரே உடன்படவில்லை. மருத்துவர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். மிகப் பழையதில் தொடங்கிப் புதியது வரை 13 ஊசிகள். பாஸ்டர் உறக்கமிழந்தார், சிறுவன் பிழைத்தான்.

அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜெரால்டு கைசன், அதே முறை நாய்களிடத்து முற்றச் சோதிக்கப்படுமுன்னரே சிறுவனுக்கு இடப்பட்டதென 1995-இல் எழுதினார். அக்குறையை மறைப்பது நேர்மையன்று. எனினும், கடித்த பல் வெறிநாயினதாயின் மருந்தின்மையும் மரணமாகக்கூடும் என்பதை அத்தாய் அறிவாள். எம்மனம் அவள் பக்கமே சாய்கின்றது.

மறு ஆண்டு, ஓநாய் கடித்த 19 பேர் உருசியாவின் ஸ்மொலென்ஸ்க்கிலிருந்து வந்தனர். 16 பேர் பிழைத்து ஊர் திரும்பினர். காட்டு விலங்கின் நோய் வீட்டு நாய்க்கும், நாயினின்று மகவுக்கும் வரும் வழி, இடையில் தடுக்கக்கூடியதே என்று உலகம் அறிந்தது.

1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28-இல் அவர் மறைந்தார். தென்னாட்டவர்க்கென்று குன்னூரில் அவர் பெயரால் நிலையம் 1907-இல் எழுந்தது. தொப்புளைச் சுற்றி இட்ட 14 ஊசிகளை எம்மூர் முதியோர் இன்னும் மறந்திலர். இக்காலத்து ஊசி தோளில் இடப்படுவது, எண்ணிக்கையிலும் குறைந்தது.

பாஸ்டரின் உடல் பாரிசு நிலையத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. வளர்ந்த ஜோசப் மீஸ்டர், 1940-இல் இறக்கும்வரை அந்நிலையத்தின் வாயிற்காவலராய் இருந்தார்.